புரூப் பார்க்க வந்தவர்கள்

கல்யாணத்தில் போட்டோ எடுப்பது பெரிய வேலையில்லை. எடுத்ததை அந்த வீட்டாரிடம் காட்டுவதுதான் பெரிய வேலை. இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள், ஒன்றைச் சொல்லப்போய் வேறொன்றாகிவிடும். அருப்புக்கோட்டையில் எங்கள் ஸ்டூடியோ. வீட்டுக்காரர் படம் எடுப்பார். ஆல்பம் போடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் புரூப் காட்டி, வேண்டியதைப் பொறுக்கச் சொல்வது என் பாடு. ஒரு வீட்டுக்கு மனசு கசந்தால் அந்தச் சொந்தத்தில் அடுத்த கல்யாணம் நமக்குக் கிடையாது. நீங்களும் ஒரு கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் பதில் சொல்கிறவரென்றால் இந்தப் பயம் தெரியும்.

அத்தையின் பட்டு

பரளச்சியிலிருந்து ஒரு வேன் ஆள் வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை. வந்தவர்கள் அவரவர் முகம் நன்றாக விழுந்த படத்தையே பொறுக்கினார்கள். பெண்ணின் அத்தை காட்டிய படத்தில் பெண் கண்ணை மூடியிருந்தாள். வேறு பார்ப்போமா என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"அவ கண்ணு முழிச்சிருக்கிறத தினமும் பாக்கலாம். நான் இந்தப் பட்டுல இனி எப்ப நிக்கப் போறேன்?"

முகத்தில் கடைப் பெயர்

புரூப்பையே யாரும் பிரிண்ட் போட்டுக்கொள்ளக் கூடாதென்று, படத்தின் குறுக்கே எங்கள் கடைப் பெயர் லேசாக ஓடும். நரிக்குடியில் பெண்ணைப் பெற்றவர் ஒருவருக்குப் போனில் அனுப்பினோம். அவர் அதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். ஆல்பத்தில் எழுத்து வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"அது சரி ஆத்தா. எம்புள்ள மூஞ்சில எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

முதல் பக்கம்

திருச்சுழியிலிருந்து சம்பந்தியம்மாக்கள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஒரே பூச்சரத்தைக் கிள்ளி இருவரும் தலையில் வைத்திருந்தார்கள். பெண்ணின் தாய், தன் சின்ன மகள் கல்யாணத்துக்கும் நீங்கள்தான் என்று வாய்வார்த்தை கொடுத்திருந்தார். வரப்போகிற தையில் எங்கள் கையில் இருந்த ஒரே பெரிய கல்யாணம் அது.

ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குத் தாலி கட்டும் படம் இரண்டு நின்றது. "நீங்க பொது ஆளு, எது நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்று இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் சிரிப்பு அழகாக விழுந்ததைக் காட்டினேன். மாப்பிள்ளையின் தாய் உடனே சரி என்றார். பெண்ணின் தாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர்கள் போன பிறகுதான் உற்றுப் பார்த்தேன். நான் காட்டிய படத்தில் மாப்பிள்ளையின் தாய் தோள் மறைத்து, பெண்ணின் தாய் முகமே இல்லை. தலைப்பூ மட்டும் தெரிந்தது.

படத்தை மாற்றிவிடுகிறேன் என்று பெண்ணின் தாய்க்குப் போன் போட்டேன். வேண்டாம், சம்பந்தியம்மா மனசு கோணும் என்றார். சின்னவள் கல்யாணத்துக்கு வேறு ஸ்டூடியோ பேசியாகிவிட்டதாம்.

"உங்க மேல கோவமில்லக்கா. சின்னவ கல்யாணத்துலயாவது நானும் இருந்தேன்னு தெரியணும்ல."

இப்போதெல்லாம் புரூப் பார்க்க ஆள் வந்தால் முதல் வேலையாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிடுகிறேன். கண் தெரியாதவளிடம் எது நல்லாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.