பன்னிரண்டாம் வீட்டுச் சுவர்

எங்கள் வரிசையில் பதினெட்டு வீடுகள். எல்லாம் பூசாத செங்கல் சுவர்கள். ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி, மழைநீர்க் குழாயின் பட்டை என்று இரும்பு சுவரைத் தொடும் இடத்திலெல்லாம் துருக்கறை வழியும். அதைப் போக்க வருபவரைத் துருக்காரர் என்றே அழைத்தோம். பராமரிப்புப் பதிவேடு என் பொறுப்பு. அதனால் தேதிகளில் தவறு இராது.

அவருடைய முறை நிதானமானது. முதலில் செங்கல் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு துருவைக் கரைக்கும் ஆக்ஸாலிக் பவுடரை வெந்நீரில் கரைத்து, வெள்ளைக் களிமண்ணில் குழைத்து, கறைமேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடுவார். மறுநாள் மரச்சில்லால் வழித்து, நாரால் தேய்த்து, மூன்று முறை கழுவுவார். சுவருக்குக் கல்யாணமா, இவ்வளவு அலங்காரம் என்று கேலி செய்வோம். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் பதில் வரவில்லை என்பார்.

கம்பி பிரஷ்ஷை மட்டும் தொடமாட்டார். அதன் முடிகள் ஒடிந்து செங்கல் துளைகளில் தங்கிவிடும். மழை பட்டால் அவையே துருப்பிடிக்கும். பதினோரு வருடம் கூடவே வேலை செய்த மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, முதல் நாள் அவர் சொன்ன பாடம் அதுதான்.

சென்ற ஆண்டு பதினெட்டு வீட்டு வேலையையும் ஒருவருக்கே கொடுக்க நினைத்தோம். மாதிரிக்குப் பன்னிரண்டாம் வீட்டுச் சுவரைத் துருக்காரரிடம் கொடுத்தோம். ஜூன் மூன்றாம் தேதி வேலை முடிந்தது, சுவர் பளிச்சென்றிருந்தது. ஒரு மழை போகட்டும் என்றோம். இருபத்திரண்டாம் தேதி மழை. இருபத்தாறாம் தேதி சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் துருப் புள்ளிகள்.

அன்று மாலையே மச்சான் தனியாக எங்கள் வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வந்தான். “மாமாவுக்கு வயசாயிடுச்சு, கை தவறுது. இனிமே நானே எடுத்துச் செய்றேன்” என்றான். சரி என்றார்கள். முடிவைப் பதிவேட்டில் எழுதியவன் நான். துருக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு காந்தத்தோடு வந்தார். கத்தி முனையால் ஒரு புள்ளியை நோண்டி, தூளைக் காகிதத்தில் தட்டிக் காந்தத்தைக் காட்டினார். இமை மயிர் அளவு கம்பித்துண்டு ஒட்டியது. ஒன்பது புள்ளிகளில் ஒன்பது துண்டுகள். ஜூன் இரண்டாம் தேதி பிற்பகல் அவர் பவுடர் வாங்கப் போயிருந்தார், மச்சான் மட்டும் இருந்தான் என்று பதிவேட்டில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். நானும் உடன் போனேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தெரியும். பிரஷ் வாங்கின அன்னைக்கே எங்கிட்ட காட்டினான். அவனும் பொழைக்கணும்ல? உங்களுக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்னு நெனச்சேன்.”

“வேலை கிடைக்கும். என் பேரையில்ல அவன் சுரண்டிட்டான்” என்றார் துருக்காரர்.

கூட்டத்தை மறுபடி கூட்டினேன். கூட இருந்தே குழி பறித்தவனுக்கு வேலை இல்லை, துருக்காரரே செய்யட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். முடிவை எடுத்துக்கொண்டு நானே அவரிடம் போனேன்.

“அவன் என் வீட்டுப் பையன், ஐயா, ஆசைப்பட்டுட்டான். பதினோரு வருஷமா என் வேலைய தேதி போட்டு எழுதினவரு நீங்க. உங்களுக்குக்கூட என்னைக் கேக்கணும்னு தோணலையே” என்றார்.

இப்போது நகரத்தின் மறுகோடியில் தனியாக வேலை செய்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். நிற்பதில்லை.