வெள்ளியில் ஒரு கால்

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். நல்ல மத்தியான வெயில். சுற்றிலும் கடல், பக்கத்தில் ஆளே இல்லாத ஒரு தீவு. கடலடிப் பாறையில் தட்டி நின்றுபோன படகுக்குள் என் புருஷனின் கால் என் மடியில் கிடக்கிறது. ரத்தம் நிற்கவில்லை. கால் கண்முன்னாலேயே வீங்கிக்கொண்டு போகிறது. என் தாலிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நான் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆத்தாளை நம்பி வாழ்கிற அக்கா தங்கச்சிகளே, நான் மானகிரி பஞ்சவர்ணம். கோபக்காரி என்று ஊரில் பேர் வாங்கியவள். நம் மாரியாத்தாள் எனக்குச் செய்ததை என்னையே எழுதித் தரும்படி பூசாரி கேட்டார். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டதெல்லாம் கிடைத்த கதை என்று நினைத்துப் படிக்க உட்காராதீர்கள்.

என் வீட்டுக்காரர் அழகர்சாமி காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். சாமி இல்லை என்கிற கட்சி. நான் திருநீறு பூசிக்கொண்டு வந்தால், "சுவத்துக்கு அடிக்க வேண்டியதை மூஞ்சியில அடிச்சிருக்கே" என்பார். நானும் விட மாட்டேன். ஆனால் பறவை என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கண்மாய்க்கரைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால்தான் சோற்று நினைப்பே வரும். ஊரில் அவருக்குக் கொக்கு வாத்தியார் என்றே பேர். அது அவருக்குப் பெருமைதான்.

என் தம்பி முத்துவுக்கு மண்டபத்தில் மீன்துறை ஆபீசில் வேலை. அந்தப் பொங்கலுக்கு வந்தவன் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தான்.

"மச்சான், தீவுப் பக்கம் பூநாரை கூட்டங் கூட்டமா எறங்கியிருக்கு. ஆமை மேயிறதைப் படகுல இருந்தே பாக்கலாம். நமக்குக் குடுப்பினை இருந்தா ஆவுளியாவைக்கூடப் பாத்துறலாம்."

ஆவுளியா என்றால் கடல் பசு. கடலுக்கு அடியில் புல் மேயும், கன்றுக்குப் பால் கொடுக்கும், மூச்சு வாங்க மேலே வரும். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. மாசியில் லீவு போட்டார். பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, மானாமதுரையில் ரயில் மாறி மண்டபம் போய்ச் சேர்ந்தோம்.

படகு சின்னது. அந்தோணி என்கிறவருடைய மோட்டார் படகு. நாங்கள் மூன்று பேர், அவர் ஒருத்தர். காலையிலேயே கிளம்பிவிட்டோம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. டால்பின் என்கிறார்களே, அந்த ஓங்கில் மீன்கள் படகுக்கு முன்னால் துள்ளித் துள்ளி ஓடின. ஒரு தீவின் ஓரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. மோட்டார் சத்தம் கேட்டு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியபோது வானமே சிவந்துபோனது. இவர் பள்ளிக்கூடத்துப் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கடைசித் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தும்போதே அந்தோணி சொன்னார். "சார், வெரசா பாத்துக்கிருங்க. தண்ணி வத்துனா படகு பாறையில உக்காந்துக்கிரும். அப்புறம் பொழுது எறங்கித் தண்ணி ஏறுனாத்தான் உண்டு."

எதிர்ப்பக்கம் சப்பை மூக்கோடு ஏதோ ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து புஸ் என்று மூச்சு விட்டது. அப்புறம் பெரிய சாம்பல் முதுகு ஒன்று உருண்டு உள்ளே போனது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று.

"ஆவுளியா! கன்னுக்குட்டியோட!" என்று முத்து கத்தினான்.

என் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கீழே இறக்கினார். கண் கலங்கிப்போய் நின்றார். அது மேய்ந்துகொண்டே அங்குட்டு நகர, படகும் பின்னாலேயே நகர்ந்தது. நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. அந்தோணி இரண்டு தடவை கூப்பிட்டார். "இந்தா, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"ஏங்க, எங்க போறீக? இங்குட்டு வாங்க!" என்றேன்.

"சும்மா இருடி. அது ஓடிப்போயிரும்."

நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாலு எட்டு வைத்திருப்பார். "ஆத்தே!" என்று அலறியபடி விழுந்தார். சாமி இல்லை என்ற மனுஷன் வாயில் அப்போது அதுதான் வந்தது. மணலுக்குள் படுத்திருந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வாலை வீசி, கணுக்காலுக்கு மேலே முள்ளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் சிவப்பாகிப்போனது.

தூக்கிப் படகில் போட்டோம். சதை பிளந்து கிடந்தது. எங்கள் ஊரில் வயலில் பாம்பு தீண்டினால் செய்கிற ஒரே காரியம்தான் எங்களுக்குத் தெரியும். அவரே பல்லைக் கடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, முட்டிக்குக் கீழ இறுக்கிக் கட்டுறா. வெசம் மேல ஏறக்கூடாது" என்றார். முத்து வேட்டியைக் கிழித்துக் கட்டினான். "இன்னும் இறுக்கு" என்றார். இறுக்கினான்.

அந்தோணி மோட்டாரைப் போட்டார். படகு கொஞ்ச தூரம் போய்ப் பாறையில் தட்டியது. தண்ணீர் வற்றிவிட்டது. அவரும் முத்துவும் இறங்கித் தள்ளினார்கள், தோள் கொடுத்து நெம்பினார்கள். கல்லில் கால் கிழிந்ததுதான் மிச்சம். படகு அசையவில்லை. அந்தோணி அப்படியே தண்ணீரில் நின்றுகொண்டு, "மாதாவே, மாதாவே" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர்மேல், அந்தப் பசுமேல், இவர்மேல்.

வெயில் கொளுத்தியது. அவர் உளற ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதுபோல ஏதேதோ பையன்கள் பேரைக் கூப்பிட்டார். கை சில்லிட்டுப் போயிற்று. கட்டுக்குக் கீழே கால் நீலம் பாய்ந்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது. கட்டையும் மீறிக் காயத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. வீட்டில் விட்டுவந்த என் இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளைச் சேலையோடு நான் அந்த வீட்டு வாசலில் ஏறுவதும் வந்தது.

அப்போதுதான் கத்தினேன். "ஆத்தா, மானகிரி மாரியாத்தா! நான் உனக்கு என்ன குறை வச்சேன்? இந்த மனுசன் உன்னை நம்பல, சரி. நான் நம்புனேன்ல? இவரை உசுரோட கரை சேத்துரு. வெள்ளியில கால் செஞ்சு உன் உண்டியல்ல போடுறேன்!" காசு முடிய அங்கே மஞ்சள் துணி ஏது? இடுப்பில் இருந்த ஒரு காசை எடுத்து முந்தானையிலேயே முடிந்தேன். அப்புறம் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. முத்துதான் முதலில் பார்த்தான். ஒரு வத்தை. அடி தட்டையான சின்னத் தோணி. கம்பு ஊன்றிக்கொண்டு ஓர் ஆள், முன்னால் ஒரு பொம்பளை. தீவுகளில் பாசி எடுக்கிற ஆட்கள். காலையிலேயே பாசி அள்ளிக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிட்டவர்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வரவே மாட்டார்கள் என்று அந்தோணி பிற்பாடு சொன்னார்.

வத்தை முட்டளவுத் தண்ணீரிலும் மிதக்கும். பாறையைத் தாண்டிப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். அந்தப் பொம்பளை, முனியம்மா என்று பேர், காலைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தே, திருக்கையா! தூக்குங்க, தூக்குங்க. பாசிச் சாக்கைத் தள்ளுடா கடல்ல!"

"மதினி, விடியக்கருக்கல்ல இருந்து அள்ளுனதுல்ல!" என்றான் கம்பு ஊன்றியவன். அவன் அவளுடைய கொழுந்தன்.

"போனாப் போகுது. தள்ளுன்னா தள்ளு!"

அவரை ஈரச் சாக்குமேல் கிடத்தினோம். நானும் முத்துவும் ஏறிக்கொண்டோம். அந்தோணி தன் படகோடு நின்றுகொண்டார். பாறையைக் கடந்ததும் பாய் விரித்தார்கள், காற்றும் கரைப்பக்கமே அடித்தது. முனியம்மா தன் தண்ணீர்ச் செம்பை அவர் வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். நான் அவளிடம், "நீங்க எப்படித் தாயி இங்குட்டு வந்தீக?" என்று கேட்டேன்.

அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். ஒரு சுருக்குப்பை. "வெத்தலைப் பையை அந்தத் தீவுல வச்சுட்டு வந்துட்டேன். பாதி வழியில திரும்புடான்னு இவனோட ஒரே சண்டை. அது இல்லாம எனக்கு ஓடலையே தாயி."

முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். பொழுது சாயும் முன்னால் கரை சேர்ந்தோம். மீன் ஏற்றப் போன லாரியில் ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. அங்கிருந்த டாக்டர், "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆள் இல்லம்மா" என்றார். அதையும் சொல்லிவிட்டு, முட்டிக்குக் கீழே காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். இறுக்கிக் கட்டியதால் கால் செத்துவிட்டது என்றார் ஒரு டாக்டர். கட்டியதால்தான் உயிராவது மிஞ்சியது என்றார் இன்னொருவர். எது நிசம் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

வலது கால் போயிற்று.

தங்கச்சிகளே, இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்லக் கூசினேன். வீட்டுக்கு வந்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். பள்ளிக்கூடம் போகவில்லை. ஊன்றி நடக்க வாங்கி வைத்த கக்கத்துக் கட்டையைத் தொடவில்லை. ஜன்னலில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தால்கூட, "அதை வெரட்டி விடு" என்பார். ஒருநாள் பிள்ளைகள் காதுபடவே, "அந்த வெத்தலைக்காரி வராமயே இருந்திருக்கலாம்" என்றார். நான் அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நானும் கோயிலுக்குப் போகவில்லை. ஆத்தாளோடு எனக்குச் சண்டை. தேர் வாசலைத் தாண்டியபோதுகூட வெளியே வரவில்லை. கால் கேட்டேன், இப்படிக் கொடுத்தாயே என்று மனசுக்குள் திட்டினேன். முந்தானையில் முடிந்த அந்த மூலையை மட்டும் வெட்டி மாடத்தில் வைத்திருந்தேன், காசோடு. "கால்தான் போயிருச்சே, வேண்டுதல் எதுக்கு?" என்றார் என் மாமியார். முத்துவும் அதையே சொன்னான். இவர் படுத்தபடியே சிரித்தார். "நிசக் காலை எடுத்துக்கிட்டவளுக்கு வெள்ளிக்கால் வேறயா? ரெண்டா வச்சுக்கிரட்டும்."

ஆனால் எனக்கு அந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தியது. படகில் நான் என்ன கேட்டேன்? உயிரோடு கரை சேர்த்துவிடு என்றுதானே கேட்டேன்? கால் என்று சொன்னது என் காணிக்கை. அதை நானே அல்லவா சொன்னேன்? வெற்றிலைப் பையைத் தீவிலே மறக்க வைத்தவளுக்கு நான் சொன்ன சொல் என்ன ஆவது?

அடுத்த வருஷம் மாசி பிறந்ததும் முடிச்சை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் வெள்ளி வேலை செய்கிற ஆசாரியிடம் போனேன். "கால் உரு வேணும்" என்றேன். அவர் தகட்டை எடுத்துக்கொண்டே, "வலதா, இடதா தாயி?" என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். வலது என்றால் அது மதுரை ஆஸ்பத்திரியோடு போயிற்று. முடிச்சோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி, ஆசாரி வெரட்டிட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அப்புறம் போர்வையை விலக்கி, அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கால்களைப் பார்த்தார். இடது காலை மெல்ல மடக்கினார், நீட்டினார்.

"எனக்கு ஒங்க ஆத்தா மேல நம்பிக்கை கெடையாது. இப்பவும் கெடையாது," என்றார். "ஆனா நீ செய்யிறதா இருந்தா, இருக்கிற காலைச் செய்யச் சொல்லு."

அவர் மார்பில் தலையை வைத்து நான் அழுதேன். அவரும் அழுதார். மறுநாள் அந்தக் கக்கத்துக் கட்டையை எடுத்துவரச் சொன்னார்.

இடது கால் செய்து கொண்டுபோய்ப் போட்டேன். கோயில் வாசல் வரைக்கும் அவர் கட்டை ஊன்றி வந்தார். உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பூசாரி தட்டில் உருவைப் பார்த்துவிட்டு, "எந்தக் கால் தாயி சொகமாச்சு?" என்றார். "சொகமானது இல்லை சாமி, மிஞ்சினது" என்றேன். அந்த ஆனியிலிருந்து அவர் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறார். கடல் பசு பாடம் வரும்போது, "நான் பாத்தேன்டா, கன்னுக்குட்டியோட பாத்தேன்" என்பாராம். பிள்ளைகள் அவர் காலைப் பார்ப்பார்களாம். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் பாடத்தை நடத்துவாராம்.

உங்களில் யாராவது நடுக்கடலில் கிடப்பதுபோலக் கிடந்தால், கத்திக் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவளுக்குக் காது கேட்கும். கேட்டபடியே வராது, குறைத்துத்தான் வரும். வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

வருஷா வருஷம் மாசி மாதத்தில் முனியம்மாவுக்கு ஒரு கட்டு கொழுந்து வெற்றிலை போகிறது. சந்தைக்குப் போய் அதை வாங்கி வருவது என் வீட்டுக்காரர்தான். என்னை வாங்கவிட மாட்டார். அழுகல் இலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வாங்குவார்.