எங்களுடையது அல்லாத கிண்ணம்

அண்மையில் நாளிதழில் ஒரு படம் கண்டேன். தொன்மையான புதைகுழியிலிருந்து எடுத்த ரோமானிய மட்கோப்பை. அதன் விளிம்புக்குக் கீழே யாரோ கீறிவைத்த எழுத்துகள். அது எவர் பெயர், இறந்தவரோடு அதை ஏன் வைத்தார்கள் என்று அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். எழுத்துள்ள கிண்ணம் ஒன்று குழியிலிருந்து வெளிவந்ததைச் சிறுவயதில் நானும் கண்டிருக்கிறேன். அதைப் படிப்பதில் ஒருவருக்கும் இடர் இருக்கவில்லை. படிக்க முடிந்ததுதான் இடராயிற்று.

எழுபதுகளில் நாங்கள் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். பெற்றோர், சிற்றப்பா, சிற்றன்னை, நான், கைக்குழந்தையாய் என் தம்பி. அந்தியில் விளக்கேற்றியதும் தந்தையார் பதிகம் பாடுவார். அவர் பாடினால் கீழ்த்தளத்து மளிகைக்கடையில் பேச்சு நிற்கும். இறைவனுக்குப் பால் படைக்கும் கிண்ணம் வெள்ளியாலானது. பாட்டனார் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது. அதில் ‘சிவமயம்’ என்றும், கீழே பாட்டனார் பெயரும் ஊர்ப்பெயரும் வெட்டப்பட்டிருந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொற்கள் அவைதாம்.

தம்பி காய்ச்சலில் இறந்தான். பச்சிளம் குழந்தையை எரிப்பதில்லை என்பதால் புதைத்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. தாயார் அவனைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்ததோடு சரி. தீட்டுக் கழியும்வரை பூசையறை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது கிண்ணத்தைக் காணவில்லை.

சிற்றன்னை கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின் எங்களில் எவரையும்விட அழுத்தமாகத் திருநீறு பூசியவர். பூசைப் பாத்திரங்களைத் துலக்கிவைப்பதும் அவரே. ஆகவே தந்தையாருக்கு வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவுமில்லை.

“சாமி பொருள்னு நெனப்பு இருந்திருந்தா கை போயிருக்காது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சிற்றன்னை தம் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினார். சேலைகளும் ஒரு பழைய செபமாலையும் விழுந்தன. அந்தச் செபமாலையே குற்றத்துக்குச் சான்று என்பதுபோலத் தந்தையார் அதை நோக்கினார். சிற்றன்னை என் தாயார் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க.”

தாயார் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யாரும் வற்புறுத்தவுமில்லை. அடுத்த மாதமே சிற்றப்பாவும் சிற்றன்னையும் தீவின் மேற்குக் கோடியிலிருந்த பூன் லே பகுதிக்குக் குடிபோனார்கள்.

சில ஆண்டுகள் சென்றன. வீடுகள் கட்டுவதற்காக இடுகாட்டு நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உரியவர்கள் வந்து எலும்புகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. குழியருகே பாடுவதற்கு எனக்கு ஒரு பதிகம் பயிற்றப்பட்டிருந்தது. பிறகு எலும்புகளை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைப்பதாக ஏற்பாடு. மனத்தாங்கல் இருந்தபோதும் சிற்றப்பாவும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

குழந்தைகளின் குழிகள் நெருக்கமாக இருந்தன. தோண்டியவர் வயதான தமிழர். விரல் நீள எலும்புகள் சிலவற்றைத் தட்டில் எடுத்துவைத்தார். பின்பு கறுத்துப்போன ஒரு கிண்ணத்தை எடுத்துத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

“வெள்ளி மாதிரி இருக்குலா. பேர்கூட வெட்டியிருக்கு. உங்களுதாங்க ஐயா?”

நான் எட்டிப் பார்த்தேன். “அப்பா, தாத்தா பேரு” என்றேன்.

தந்தையார் கிண்ணத்தைக் கண்டார். பாதையின் கோடியில் குடையோடு வந்துகொண்டிருந்த தம் தம்பியையும் கண்டார். தந்தையாரின் இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு. கிண்ணத்தை ஒளித்துவைக்க அவரிடம் இடமில்லை.

“அந்தப் பேர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எங்களுது இல்ல.”

தோண்டியவர் குழம்பினார். “அப்ப இந்தக் குழி உங்க பிள்ளையோடது இல்லையே. இது பிள்ளை கையடியில இருந்துச்சு. நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. யாரும் கேக்காததை எல்லாம் மொத்தமா எரிச்சிடுவாங்க.”

தந்தையார் தட்டைப் பார்த்தபடி நின்றார். சிற்றப்பாவின் காலடி ஓசை கேட்கத் தொடங்கிற்று.

“எங்க பிள்ளை இல்ல. நீயே வச்சுக்க” என்றார். கிண்ணம் தோண்டியவரின் இடுப்புத்துணிக்குள் மறைந்தது. தட்டு, உரிமை கோரப்படாதவற்றின் வரிசைக்குப் போயிற்று. குழி மாறிவிட்டது என்று சிற்றப்பாவிடம் சொல்லப்பட்டது. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்பினார். நான் பதிகம் பாட வேண்டியிருக்கவில்லை. பிறர் பொருள் வெள்ளியேயானாலும் தீண்டாத தந்தையை எண்ணி வழியெல்லாம் பெருமிதம் கொண்டேன்.

வீட்டில் தாயாரிடம், எல்லாம் முறைப்படி முடிந்து கடலில் கரைத்தாயிற்று என்றார் தந்தையார். பெரியவர்கள் இடுகாட்டுச் செய்தியைத் தாய்மாரிடம் மென்மையாக்கிச் சொல்வது இயல்பு என்று கருதிக்கொண்டேன்.

தாயார் ஒன்று மட்டும் கேட்டார். “அவன்கூட வேற எதுவும் இருந்துச்சா?”

“ஒன்னும் இல்ல.”

“சரி. அவன்கிட்டயே இருக்கட்டும்” என்றார் தாயார், மிக மெல்ல. எது என்று தந்தையார் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். பால் வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரில் படைக்கப்பட்டது. பதிகத்தில் ஓரிடத்திலும் அவர் குரல் பிசகவில்லை. கண்களை மூடிக் கேட்ட தாயார் கைகூப்பியிருந்தார்.

அவ்வாண்டு தீபாவளிக்குச் சிற்றப்பாவும் சிற்றன்னையும் வந்தார்கள். சிற்றன்னை தம் கைப்பையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வாசலில், செருப்புகளுக்கு அருகே, வாயை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தார். போகும்போது எல்லாரும் பார்க்க அதை மூடி எடுத்துக்கொண்டார். என் பெற்றோர் இருவரும் அதைக் கண்டார்கள். உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை.

பூசையறை உள்ள வீட்டுக்குள் நுழையும் முறை அதுவே என்றும், அது சிற்றன்னையின் பக்தி என்றும் எனக்குத் தோன்றிற்று. பள்ளி திறந்ததும் பல நாட்கள் நானும் என் புத்தகப்பையைத் திறந்து வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.