டீசல் ஆரோக்கியநாதனின் வியாழக்கிழமை

எண்பத்திரண்டாம் வருடம் ஆரோக்கியநாதன் தன் பழைய அம்பாசடரின் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் பொருத்தினார். அன்றிலிருந்து மதுரை ரயிலடி டாக்சி ஸ்டாண்டில் அவர் பெயர் 'டீசல்' என்றாகிவிட்டது.

"பெட்ரோல் வண்டின்னா மாசாமாசம் பிளக்கைத் துடைக்கணும், கார்புரேட்டரை ஊதணும். நமக்கு அந்தச் சோலியே கிடையாது மாப்ள" என்று பக்கத்து வண்டிக்காரன் சங்கிலியிடம் அளந்தார்.

சங்கிலியுடையது பெட்ரோல் வண்டி. "சோலி இல்லாமத்தான் நேத்து சமயநல்லூர் ரோட்டுல கதவுக் கைப்பிடியைத் தேடிக்கிட்டு இருந்தீகளாண்ணே?" என்றான்.

உண்மைதான். இஞ்சின் ஆடிய ஆட்டத்தில் வாரம் ஒரு நட்டு கழன்றது. எரிபொருளில் மிச்சமானதில் பாதி, நட்டு முடுக்கவே போனது. "மாவு மில்லு வந்துருச்சுன்னு அடுத்த வீட்டுக்காரி அரிசியைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டா" என்றாள் மனைவி பாக்கியமேரி.

காலையில் இன்னொரு தொல்லை. குளிர்ந்த டீசல் இஞ்சினை ஹீட்டர் பொத்தானை அழுத்திச் சூடேற்றிய பிறகே கிளப்ப முடியும். மெக்கானிக் இருபது எண்ணச் சொல்லியிருந்தார். அவசரத்தில் ஆரோக்கியநாதன் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குத் தாவிவிடுவார். அதனால் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தையே கணக்காக வைத்துக்கொண்டார். ஜெபத்தில் வரி தாவ மனசு வராது. ஒரு தடவை சொல்லி முடித்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

வியாழன்தோறும் நோயாளிகளைப் பார்க்க டாக்டர் அனந்தநாராயணனை எழுமலைக்குக் கூட்டிப்போவது அவர் வண்டிதான். அந்த நிரந்தரச் சவாரியை நம்பித்தான் டீசலுக்கே மாறினார். ஆனால் ஐப்பசிக் காலை ஒன்றில், டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்ததில் இஞ்சின் குளிர்ந்துவிட, அவர் வண்டியில் ஏறியதும் சிக்கல் வந்தது.

"என்னப்பா முணுமுணுக்கறே? கிளப்பு."

பாதி ஜெபத்தில் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. முதலிலிருந்து ஆரம்பித்தார். "நேரமாச்சுப்பா!" மறுபடியும் பாதி, மறுபடியும் இருமல்.

எழுமலை போய்ச் சேர்ந்ததும் டாக்டர் சொல்லிவிட்டார்: "ஆரோக்கியம், எனக்குக் காதுதான் மூலதனம். ரெண்டு மணி நேரம் இதுல வந்துட்டு ஸ்டெதஸ்கோப்பை வச்சா, நோயாளி நெஞ்சுல உன் இஞ்சின்தான் ஓடறது. அடுத்த வாரம் சங்கிலியை வரச் சொல்லிடு."

அடுத்த வியாழன் விடியும்போதே மழை. சங்கிலி டாக்டரை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போனான். ஆரோக்கியநாதனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலி வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

உசிலம்பட்டி தாண்டி, ஓடைத் தண்ணீர் ரோட்டின் மேல் முழங்காலளவு ஓடியது. சங்கிலியின் வண்டி நடுவில் நின்றிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் ஏறிவிட்டதால் பிளக்குக்கு நெருப்பு வரவில்லை. சங்கிலி பேனட்டைத் திறந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்து, வந்த பக்கமே திரும்பிக் கரையேறியிருந்தார்.

"இந்தப் பக்கம் எங்கண்ணே?" என்றான் சங்கிலி.

"சும்மா, வண்டியக் கழுவலாம்னு வந்தேன் மாப்ள."

டாக்டர் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டார். நெருப்புப் பொறியே தேவைப்படாத டீசல் இஞ்சின் கடகடவென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியது. ஆரோக்கியநாதன் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் கேட்டிருக்காது.

எழுமலையில் இறங்கிய டாக்டர் காதைக் குடைந்துகொண்டார். "வியாழக்கிழமை நீயே வா. ஆனா வந்து இறங்கினா, என் காது அடங்கற வரைக்கும் அரைமணி நேரம் யாரையும் பார்க்க மாட்டேன்."

எழுமலைக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மறுவாரத்திலிருந்து யாரும் டாக்டருக்காக வந்து காத்திருக்கவில்லை. ஊர் எல்லையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் குளிக்கவே போனார்கள்.