படகுப் பாயில் ஒரு கூடாரம்

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தடாவுக்கு மேற்கே தெரிந்த மலையில் ஏறி, அருவிக்கரையில் ஓர் இரவு தங்கிவர நானும் என்னோடு வேலை செய்த நண்பனும் திட்டம் போட்டோம். அவன் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துக்காரன். கூடாரத்துக்காக அவன் அப்பாவுடைய படகின் பழைய பாயைக் கொண்டுவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் வீட்டுப் பின்புறம் கட்டிப் பார்த்தோம். ஒரே மீன் வாடை. நாங்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவி முறத்தோடு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

"இன்னா அண்ணி, புடிச்சிருக்குதா?" என்றான் நண்பன்.

"புடிச்சிருக்குது. நானும் மலைக்கு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் அங்க இன்னாத்த ஆக்கித் துன்னுவீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் நண்பன் சிரித்துவிட்டான். "அப்போ எங்க ஊட்டுக்காரியையும் இட்டுகினு வர்றேன். இல்லாட்டி பேஜாராயிடும்."

அடுத்த மாதமே நால்வரும் போனோம். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பெண்கள் இருவரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசியபடியே முன்னால் ஏறினார்கள். அருவிக்கரையில் என் மனைவி பொங்கிய சோறு குழைந்து போயிருந்தது. "நல்லாருக்குது" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.