வேதாசலம் ஆற்றில் விட்ட இறால்

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேதாசலம் சுற்றுச்சூழல் அதிகாரி. பாலாற்றில் எது செத்து மிதந்தாலும், "நம்ம தண்ணி காரணமில்ல" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

வெளிநாட்டு வியாபாரிகளின் விருந்துக்குப் பழவேற்காட்டிலிருந்து இறால் வந்தது. அங்கே வலையில் சிக்கும் குஞ்சுகளை மீனவர்கள் ஏரியிலேயே திரும்ப விட்டுவிடுவார்களாம். கேட்டதும் வேதாசலத்துக்கும் பொறுப்பு பொங்கிவிட்டது. ஐஸ் பெட்டியைக் கிளறி, இருப்பதிலேயே சின்னதாகப் பொறுக்கி, விருந்தாளிகள் படமெடுக்க, பாலாற்றில் விட்டார்.

அத்தனையும் நுரைமேல் அசையாமல் கிடந்தன.

"இன்னா வேதாசலம், ஒண்ணுகூட நீந்தல?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"ஐஸ்லயே செத்துப்போச்சு சார்! நம்ம தண்ணி காரணமில்ல!"

சர்வீசிலேயே அவர் சொன்ன முதல் உண்மை அது. ஒருவரும் நம்பவில்லை.