ஆடிக் காற்றில் விரித்த சேலை

என் கல்யாணத்துக்கு வந்த மூன்று நைலக்ஸ் சேலைகளையும் என் வீட்டுக்காரர் கத்தரித்துப் போட்டது ஓர் ஆடி மாதத்தில். ஆரஞ்சு ஒன்று, கிளிப்பச்சை ஒன்று, ஊதா ஒன்று. எழுபதுகளில் நைலக்ஸ் என்றால் லேசுப்பட்டதா? தெருவில் ஒருத்தி உடுத்திப் போனால் நாலு பேர் முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள். வாசலோடு நின்று கேட்டு வாங்கிப் போன மனிதர், பழங்காநத்தம் தையற்கடையில் டெய்லரை எழுப்பிவிட்டுத் தானே மெஷினில் உட்கார்ந்து அவற்றை ஒரு படகுப் பாயாகத் தைத்தார். பருத்தித் துணியென்றால் காற்று ஊடே புகுந்து போய்விடுமாம். ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அது எங்களுக்குத் தலை ஆடி. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாதென்று புதுப்பெண்ணை ஆடி முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் நான் பழங்காநத்தத்தில் அப்பா வீட்டில். அவர் பரவையில் தம் அண்ணன் வீட்டில். ஆடி இல்லாவிட்டாலும் எங்கள் குடித்தனம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அவருக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை. எனக்கோ கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். நாலு பக்கமும் தண்ணீர் நிற்கிற ஊருக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவும் என் கட்சி. தெரிந்தவர் மூலம் மதுரையிலேயே ஒரு மில்லில் மாப்பிள்ளைக்கு இடம் சொல்லிவைத்தார். சில மாதம் இழுத்தடித்துவிட்டு அவரும் சரியென்று தலையாட்டினார். லீவு முடிந்து போய், ஆவணியில் கொச்சி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாகப் பேச்சு. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த லீவுக்கு அவர் தனியாக வரவில்லை. கயிறு ஏற்றி வந்த லாரியின் தலையில் ஒரு பழைய பாய்ப்படகும் வந்தது. வேலை நேரம் போகக் கொச்சியில் அவர் ஓட்டிப் பழகிய படகு. கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கியிருந்தார். கடலை விட்டு வருகிற ஆள் கையோடு எடுத்துவந்த ஒரே சாமான் அதுதான். மதுரையில் படகா என்று ஊரே சிரித்தது. சிரிப்பதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் ஆளைத் தூக்கும் காற்று ஆடியில் அடிக்கும், அப்போது கண்மாயில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறையும், அப்போது இலை அசையாது. ஆனால் அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் முந்திவந்து, ஆடியிலேயே மாடக்குளம் கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது.

அவர் தைத்த பாய்க்கு ஸ்பின்னக்கர் என்று பேர். காற்று முதுகில் அடிக்கும்போது மட்டும் படகின் மூக்குக்கு முன்னால் விரிப்பது. பலூன்போல உப்பிக்கொண்டு நிற்கும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பின்னால் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் அந்தப் பாயின் கயிறுகளைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது ஆளாக என்னைக் கேட்டார். ஆடியில் புருஷன் பெண்டாட்டி ஒரே படகிலா என்று வீட்டில் பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஊர்க்கண் அம்புட்டும் கரையில் நிற்கும்போது என்ன கெட்டுவிடும் என்று அப்பாதான் அனுமதி கொடுத்தார். மில்லுக்கு வரச் சம்மதித்த மாப்பிள்ளைக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நானும் ஏறினேன். ஏறும்போது முருகனைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து அவரே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மேற்கு ஓரத்துக்குப் போய்ப் படகைத் திருப்பியதும் சேலைப் பாயை ஏற்றினார். பயத்தில் நான் கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். பாய் துவண்டு தண்ணீரில் விழுந்தது. கரையில் ஒரே சிரிப்பு. அவர் வையவில்லை. நனைந்த பாயை மறுபடி ஏற்றி, "இழுக்காத. ஓரம் சுருளுற வரைக்கும் விடு, அப்பறம் கொஞ்சம் போலப் பிடி" என்றார். விட்டேன். மூன்று நிறமும் ஒன்றாக எழுந்து படக்கென்று விரிந்துகொண்டன. படகு காற்றோடு காற்றாக ஓடத் தொடங்கியதும் அதுவரை காதில் இரைந்த காற்று நின்றுபோனது. தலைமயிர்கூட அசையவில்லை. தண்ணீர் படகை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மணமேடையில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவர் பாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "கம்மாயில தண்ணி நிக்கிற வருசம் இப்படி ஒரு நாள் வந்தாப் போதும் எனக்கு."

ஆடியில் அந்தக் கண்மாய் நிரம்பி அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. அது அவருக்கும் தெரியும். கயிற்றை விடக்கூடாதே என்று அழுகையை விழுங்கிக்கொண்டேன்.

கரை சேர்ந்ததும் அப்பா வந்து, ஆவணி முதல் வாரமே மில்லில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இவர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சரிங்க மாமா" என்றார்.

"அவுக மில்லுக்கு வரலப்பா. ஆவணியில நானும் கொச்சிக்குப் போறேன்" என்றேன்.

அவர் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தண்ணின்னா பயமாச்சே?"

"பயந்தான். அதுக்காக நீங்க மில்லுக்குப் போகணுமா?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார். என்னிடம் அல்ல, அவரிடம்தான் கேட்டார்: "மாப்ள, அங்கிட்டு எல்லாம் செவப்பரிசியாமே. எம் பிள்ளைக்கு அது ஒத்துக்காதே, என்ன செய்வீக?"

அப்பா இருந்தவரை, ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மூட்டை வெள்ளைப் பொன்னி லாரியேறிக் கொச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கொச்சிக்குப் போன முதல் வருடமே எனக்குச் சிவப்பரிசிச் சோறு பிடித்துப்போயிற்று என்பதை அப்பாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. இன்றைக்கும் கொச்சியில்தான் இருக்கிறேன், அதைத்தான் சாப்பிடுகிறேன்; பொன்னியைக் கடையில் பார்த்தால் மட்டும் ஒரு கிலோ வாங்கிவந்துவிடுகிறேன்.